கோடை விழாவுக்குக் கூட்டம் ஏறுகிறது, பெட்ரோல் விலை ஏன் ஏறுவதில்லை?

ஏற்காட்டில் வாடகைக் கார் ஓட்டும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சேலம் டவுனில் ஒரு விலை, மலைமேல் ஒரு விலை, ஓசூரைத் தாண்டி கர்நாடகத்து அத்திப்பள்ளி போனால் வேறொரு விலை. அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான், அங்கே கோடை வந்தாலே பெட்ரோல் ஏறிவிடும் என்கிறார். இங்கே மே மாதம் கோடை விழாவுக்கு வண்டிகள் அடிவாரம்வரை வரிசைகட்டி நிற்கின்றன. லாட்ஜ் வாடகையிலிருந்து மிளகாய் பஜ்ஜிவரை எல்லாம் ஏறுகிறது. பெட்ரோல் மட்டும் ஏன் ஏறுவதில்லை? சரி, உலகச் சந்தையில் குறையும்போதாவது குறைகிறதா என்றால் அதுவும் இல்லை. இன்னொன்று, விடியற்காலையில் போட்டால் அளவு கூடுதலாகக் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா?"

சேலத்தில் ஒரு பங்க்கின் கணக்குப் புத்தகங்களோடும் அதற்கு லோடு கொண்டுவந்த டேங்கர் லாரிகளோடும் நெடுங்காலம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு லிட்டரைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். இதைச் செய்யாமல் பேசினால் பேச்சு டீக்கடை அரசியலாகத்தான் முடியும். 2025இல், ஏப்ரல் மாத வரி உயர்வுக்குப் பிறகு இருந்த விகிதங்களை எடுத்துக்கொள்கிறேன். கச்சா எண்ணெய், சுத்திகரிப்பு, கிடங்குவரை கொண்டுவரும் செலவு, எண்ணெய் நிறுவனத்தின் லாபம் எல்லாம் அடங்கிய அடிப்படை விலை 53 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் மத்திய அரசின் கலால் வரி 21 ரூபாய் 90 காசு. டீலர் கமிஷன் ஏறக்குறைய 4 ரூபாய் 40 காசு. கூட்டினால் 79.30. இதன்மேல்தான் தமிழக அரசின் மதிப்புக்கூட்டு வரி வருகிறது. அதில் இரண்டு பாகம் உண்டு: 13 சதவீதம் ஒன்று, லிட்டருக்கு 11.52 ரூபாய் என்ற நிலையான தொகை மற்றொன்று. 13 சதவீதம் 10.31 ஆகிறது, 11.52 சேர்த்தால் 21.83. மொத்தம் 101 ரூபாய் 13 காசு. சேலத்துப் பலகையில் நீங்கள் பார்த்துப் பழகிய எண்ணுக்குச் சில பைசா முன்பின்னாக இருக்கும். இதில் இரு அரசுகளுக்கும் போவது 43 ரூபாய் 73 காசு.

இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கலால் வரி லிட்டருக்கு இவ்வளவு என்பது. எண்ணெய் ஏறினாலும் இறங்கினாலும் அது அசையாது. மாநில வரியின் சதவீதப் பாகமோ அடியில் இருக்கும் எல்லாவற்றின் மேலும் விழுகிறது. கலால் வரியின் மேலும் விழுகிறது, லாரி வாடகையின் மேலும் விழுகிறது. உங்கள் பங்க்குக்கு வந்துசேரும் வாடகை லிட்டருக்கு 50 பைசா கூடினால், நீங்கள் கொடுப்பது ஐம்பத்தாறு பைசாவுக்கும் சற்று மேல். வரிக்கு வரி போடுகிறார்கள் என்று பங்க் முதலாளிகள் முணுமுணுப்பது இதைத்தான்.

இனி ஊருக்கு ஊர் வரும் வித்தியாசம். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் வரி ஒன்றே, கமிஷனும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே வித்தியாசம் முழுவதும் வாடகைதான். சென்னை–திருச்சி–மதுரை குழாயின் கிளை ஒன்று சங்ககிரி கிடங்குக்கு வருகிறது. சென்னை மணலி ஆலையில் சுத்திகரித்த பெட்ரோல் அந்தக் குழாயில் உருண்டு வருவதால்தான் கடற்கரையிலிருந்து இவ்வளவு தள்ளி இருந்தும் சேலத்து விலை சென்னை விலையைவிடச் சிறிதளவே கூடுதலாக இருக்கிறது. குழாயில் கொண்டுவருவதைப்போல் மலிவான வழி நிலத்தில் வேறில்லை. அடுத்தது ரயில், கடைசியில் லாரி. ஆனால் குழாய் யாருடைய நிலத்தின் அடியிலாவது போக வேண்டும். கோவை இருகூரிலிருந்து பெங்களூரு அருகிலுள்ள தேவனகொந்திக்குக் குழாய் பதிக்கும் திட்டத்துக்கு எதிராக, "வயலை விட்டுவிடுங்கள், சாலையோரமாகக் கொண்டுபோங்கள்" என்று இந்தப் பக்கத்து விவசாயிகள் போராடியது உங்களுக்கும் நினைவிருக்கும். மலிவான பெட்ரோலுக்கும் ஒருவர் எங்கோ விலை கொடுக்கிறார்.

சங்ககிரியிலிருந்து சேலம் டவுனுக்கு லாரி ஓடுவது நாற்பது கிலோமீட்டர் அளவில், சமதளம். ஏற்காட்டுக்கு அதன்மேல் இன்னும் முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். பெரிய டேங்கரை அந்த வளைவுகளில் திருப்புவது யாருக்கும் விருப்பமான வேலை இல்லை. சிறிய வண்டிதான் ஏறும். சிறிய வண்டி என்றால் அதே டிரைவர் சம்பளம், ஏறக்குறைய அதே டயர் தேய்மானம், ஆனால் குறைந்த லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் வண்டிக்கு மலையேற 3,600 ரூபாய் கூடுதலாகச் செலவாகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 30 பைசா. அதன்மேல் 13 சதவீதம். மலைவிலை கூடுவது இப்படித்தானே தவிர, சுற்றுலாப் பயணியிடம் பறிக்கலாம் என்று யாரும் வைத்ததல்ல. 2024 அக்டோபர் இறுதியில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் ஒரு மாநிலத்துக்குள்ளேயே ஊருக்கு ஊர் மாறும் இந்த வாடகையைச் சீரமைத்தன. கிடங்கிலிருந்து தொலைவில் இருந்த சில ஊர்களில் விலை கணிசமாக இறங்கியது. ஒடிசாவின் மல்கான்கிரியில் லிட்டருக்கு நான்கரை ரூபாய்க்கும் மேல் குறைந்தது என்றால், அதுவரை அந்த ஊர்க்காரர்கள் வாடகையாக எவ்வளவு கட்டியிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் மலை அவ்வளவு ஒதுக்குப்புறம் இல்லை.

டவுனிலேயே எதிரெதிரே இருக்கும் இரண்டு பங்க்குகளில் சில பைசா வித்தியாசம் இருப்பதும் பெரும்பாலும் வாடகைக் கதைதான். ஒருவருக்கு சங்ககிரியிலிருந்து லோடு, இன்னொருவருக்கு கரூரிலிருந்து. தனியார் பங்க்குகள் வேறு கதை. அவர்கள் நட்டத்துக்கு விற்க மாட்டார்கள், கட்டுப்படியாகவில்லை என்றால் விலையை ஏற்றுவார்கள் அல்லது விற்பனையைக் குறைத்துக்கொள்வார்கள்.

அத்திப்பள்ளிக்கு வருவோம். அங்கே வித்தியாசத்தை உண்டாக்குவது தூரம் அல்ல, மாநில எல்லை. இதில் நம் நெடுஞ்சாலைக்காரர்கள் நேரில் பார்த்த ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2024 ஜூன் நடுப்பகுதிவரை பெங்களூரில் பெட்ரோல் சென்னையைவிட ஏறக்குறைய ஒரு ரூபாய் மலிவு. ஜூன் 15 அன்று கர்நாடகா பெட்ரோல் மீதான விற்பனை வரியை 25.92 சதவீதத்திலிருந்து 29.84 சதவீதமாகவும், டீசல் மீதானதை 14.3 சதவீதத்திலிருந்து 18.4 சதவீதமாகவும் உயர்த்தியது. ஒரே நாளில் லிட்டருக்கு மூன்று ரூபாய் ஏறி, பெங்களூரு பெட்ரோல் நம் விலையைத் தாண்டிவிட்டது. அன்று கச்சா எண்ணெயும் மாறவில்லை, குழாயும் மாறவில்லை, லாரியும் மாறவில்லை. டீசலோ அந்த உயர்வுக்குப் பிறகும் அங்கே மூன்று ரூபாய்க்கும் மேல் மலிவாகவே இருந்தது. சேலத்து லாரிக்காரர்கள் ஓசூரில் டீசல் போடாமல் எல்லையைத் தாண்டிப் போட்டதன் ரகசியம் இதுதான். முந்நூறு லிட்டர் டேங்கை நிரப்பினால் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்றால் எந்த டிரைவர்தான் பத்து நிமிடம் வரிசையில் நிற்க மாட்டார்? 2025 ஏப்ரல் 1 முதல் கர்நாடகா டீசல் வரியை மறுபடி உயர்த்தியதில் அந்த ஆதாயத்தில் பெரும்பகுதி போய்விட்டது.

ஆந்திராவில் வரி 31 சதவீதம், அதோடு லிட்டருக்கு நான்கு ரூபாயும், சாலைக்கென்று ஒரு ரூபாயும். கேரளாவில் 2023 ஏப்ரலிலிருந்து சமூகப் பாதுகாப்பு என்ற பெயரில் இரண்டு ரூபாய் தனி. புதுச்சேரியில் நம்மைவிடச் சில ரூபாய் மலிவு. அந்தமானில் வரி பெயருக்குத்தான். கடல் தாண்டிப் போகும் பெட்ரோல் சேலத்தைவிட மிகவும் மலிவாக விற்கிறது. தூரம்தான் விலை என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றை யோசித்தால் போதும். ஜி.எஸ்.டி. வந்தால் நாடெங்கும் ஒரே விலை ஆகிவிடும் என்கிறார்கள். பெட்ரோல், டீசல் எப்போது அதற்குள் வர வேண்டும் என்று பரிந்துரைக்கும் பொறுப்பை அரசியல் சட்டம் ஜி.எஸ்.டி. கவுன்சிலிடம் கொடுத்திருக்கிறது. கவுன்சிலில் உட்கார்ந்திருப்பவர்கள் மத்திய, மாநில நிதியமைச்சர்கள். மேலே போட்ட 43 ரூபாய்க் கணக்கை அவர்களும் போட்டுப் பார்த்திருப்பார்கள்.

இனி உங்கள் மச்சான் சொன்ன கோடை. அவர் சொல்வது சரி. ஆனால் காரணத்தை எல்லோரும் பாதிதான் சொல்வார்கள்: கோடையில் ஊர் சுற்றுகிறார்கள், தேவை கூடுகிறது, விலை ஏறுகிறது என்பார்கள். அது உண்மை. மற்றப் பாதி பெட்ரோலுக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் ஆவியாகும் திரவம். அதில் ப்யூட்டேன் என்ற லேசான பொருளைக் கலந்தால் கடும்குளிரிலும் என்ஜின் சட்டென்று கிளம்பும், ப்யூட்டேன் மலிவும்கூட. ஆனால் வெயில் காலத்தில் அது டேங்கிலிருந்து ஆவியாகிக் காற்றில் கலந்து புகைமூட்டத்தை உண்டாக்குகிறது. அதனால் அமெரிக்காவில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை பங்க்குகளில் குறைவாக ஆவியாகும் கோடை ரகம்தான் விற்க வேண்டும் என்று சட்டம். கிடங்குகள் மே மாதத் தொடக்கத்திலேயே மாறிவிட வேண்டும். மலிவான ப்யூட்டேனை எடுத்துவிட்டு அந்த இடத்தை விலை கூடிய பொருளால் நிரப்ப வேண்டும். அதற்குமுன் குளிர்கால இருப்பை வடித்துத் தீர்க்க வேண்டும். சுத்திகரிப்பு ஆலைகள் பராமரிப்புக்காக நிறுத்தப்படுவதும் பெரும்பாலும் அதே வசந்த காலத்தில்தான். இத்தனையும் ஒன்றாக வந்து விழுவதால் மார்ச், ஏப்ரலிலேயே விலை ஏறத் தொடங்கிவிடும். கலிபோர்னியா இன்னும் ஒரு படி மேல்: தனக்கென்று தனிச் செய்முறை வைத்திருக்கிறது, மற்ற மாநிலங்களின் பெட்ரோல் அங்கே செல்லாது, கிழக்கேயிருந்து பெரிய குழாயும் இல்லை. அங்கே ஓர் ஆலை பழுதானால் வாரக்கணக்கில் விலை எகிறும். அட்லாண்டிக் கரையில் வேறு ஆபத்து: தெற்கிலிருந்து வரும் மிகப் பெரிய குழாயின் கணினிகளை 2021 மே மாதம் இணையக் கொள்ளையர்கள் முடக்கியபோது பல ஊர்களில் பங்க்குகள் வறண்டன.

அங்கே இன்னொரு வித்தியாசம், இதுதான் உங்கள் கேள்வியின் மையம். அமெரிக்காவில் பலகையில் இருக்கும் எண்ணைப் பெரும்பாலும் பங்க் முதலாளியே மாற்றுகிறார். எதிர்க்கடைக்காரர் ஏற்றினால் இவரும் ஏற்றுவார், கூட்டம் வந்தால் இரண்டு சென்ட் கூட வைப்பார். சேலத்தில் பங்க் முதலாளிக்கு அந்த உரிமை இல்லை. 2017 ஜூன் 16 முதல் தினசரி விலை முறை வந்தபின், காலை ஆறு மணிக்கு நிறுவனத்திடமிருந்து எண் வருகிறது. இயந்திரத்திலும் பலகையிலும் அதுதான். கோடை விழாவுக்கு லட்சம் பேர் வந்தாலும் ஏற்காட்டு டீலருக்கு அதே நான்கு ரூபாய்ச் சொச்சம் கமிஷன்தான். அவருக்கு ஏறுவது விற்பனை. அதோடு, அடுத்த லோடு அடிவாரப் போக்குவரத்து நெரிசலில் சிக்கிக்கொண்டால் இரத்த அழுத்தம்.

நம் நாட்டிலும் பருவத்துக்கேற்பத் தேவை மாறத்தான் செய்கிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை பெட்ரோல் நன்றாக ஓடும். மழை பிடித்துவிட்டால் டீசல் படுத்துவிடும்: கட்டட வேலை நிற்கும், பாசனப் பம்புகள் ஓய்வெடுக்கும். ஆனால் அது விலையாக மாறுவதில்லை. ரகமும் அமெரிக்காவில்போல் பருவத்துக்குப் பருவம் பெரிதாக மாறுவதில்லை. லடாக் மட்டும் விதிவிலக்கு. அங்கே குளிரில் டீசல் உறைந்துபோவதால், மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை 2019 நவம்பரிலிருந்து விற்கிறார்கள். நமக்கு வருடத்தில் ஏதாவது பருவம் உண்டென்றால் அது கரும்புப் பருவம். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. அதன் கொள்முதல் ஆண்டு நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடியும். கரும்பிலிருந்து வருவதற்கு விலையை அரசே நிர்ணயிக்கிறது. எத்தனால் கலந்தால் விலை குறைய வேண்டாமா என்று பலர் கேட்கிறார்கள். 2024–25 கொள்முதல் ஆண்டில் போக்குவரத்தும் வரியும் சேர்த்து எத்தனாலின் சராசரி அடக்கம் லிட்டருக்கு 71 ரூபாய்க்கு மேல் என்று அரசே சொன்னது. வரிக்கு முந்தைய பெட்ரோல் 53. பிறகு எப்படிக் குறையும்? அந்நியச் செலாவணி மிச்சம், கரும்பு விவசாயிக்குப் பணம் என்று அதற்கு வேறு நியாயங்கள் உண்டு. உங்கள் பணப்பை அதில் சேர்த்தி இல்லை.

உலகச் சந்தையில் குறைந்தால் ஏன் குறையவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். சட்டப்படி பார்த்தால் குறைந்திருக்க வேண்டும். பெட்ரோல் விலைக்கட்டுப்பாட்டை அரசு 2010 ஜூனிலும், டீசலுடையதை 2014 அக்டோபரிலும் நீக்கிவிட்டது. ஆலையிலிருந்து எண்ணெய் நிறுவனம் வாங்கும் விலைக்கும் ஒரு சூத்திரம் இருக்கிறது. அரசு அமைத்த ரங்கராஜன் குழுவின் பரிந்துரைப்படி 2006 முதல் 80 பங்கு இறக்குமதிச் சமவிலை, 20 பங்கு ஏற்றுமதிச் சமவிலை. அதாவது மணலியில் சுத்திகரித்தாலும், வளைகுடாவிலிருந்து பெட்ரோலாகவே கப்பலில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ ஏறக்குறைய அந்த விலை. அதனால் உலகச் சந்தையின் பருவங்கள் அந்த 53 ரூபாய்க்குள் வந்துவிடுகின்றன. டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்தால் அதுவும் வந்துவிடுகிறது. வந்தது பலகையில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

எங்கே மறைகிறது? இரண்டு இடங்களில். ஒன்று வரி. 2020 ஏப்ரலில் கொரோனாவால் கச்சா எண்ணெய் தரையைத் தொட்டது. மே மாதத் தொடக்கத்தில் மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கலால் வரியை ஏற்றியது, பலகை அசையவில்லை. அதே வாரத்தில் தமிழகமும் பெட்ரோல் மீது 34 சதவீதமாக இருந்த வரியை 15 சதவீதமும் 13.02 ரூபாயும் என்று மாற்றிக்கொண்டது. முழுக்கச் சதவீதமாக வைத்திருந்தால் எண்ணெய் மலிவாகும்போது வருவாயும் கரைந்துவிடும். நிலையான தொகை அந்தக் கவலையைத் தீர்க்கிறது. 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் மூன்று ரூபாய் குறைத்து இன்றைய 13 சதவீதம், 11.52 ரூபாய் என்று ஆக்கினார்கள். 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் இறங்கியபோதும் இதே வித்தைதான்: கலால் வரி இரண்டு ரூபாய் ஏறியது, பங்க்கில் யாருக்கும் தெரியவில்லை.

மற்றது நிறுவனங்களின் கணக்கு. தினமும் மாறும் என்று சொன்ன விலை 2021 நவம்பர் 4 முதல் 137 நாள் அப்படியே நின்றது. இடையில் உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களில் தேர்தல். உக்ரைன் போரால் கச்சா எண்ணெய் நூறு டாலரைத் தாண்டி எங்கோ போய்விட்டது. தேர்தல் முடிந்தபின் மார்ச் 22 தொடங்கி இரண்டு வாரத்தில் பத்து ரூபாய் ஏறியது. மே மாதம் கலால் வரி குறைந்தபோது இறங்கியது. பிறகு 2024 மார்ச்வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டு அசைவே இல்லை. அந்தக் காலத்தின் தொடக்கத்தில், 2022 ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை, மூன்று பொதுத்துறை நிறுவனங்களும் சேர்ந்து 21,000 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் காட்டின. பின்னர் எண்ணெய் இறங்கியது, பலகை இறங்கவில்லை. 2023–24இல் அதே மூன்றும் சேர்ந்து 81,000 கோடி ரூபாய் அளவுக்கு லாபம் காட்டின. ஏறியபோது அவர்கள் தாங்கியதை இறங்கியபோது நம்மிடம் வசூலித்துக்கொண்டார்கள் என்று சொன்னால் அவர்களே மறுக்க மாட்டார்கள். தாங்கியதைவிட வசூல் அதிகம் என்பது என் கருத்து. உங்களைப்போல் சவாரிக்கு முன்கூட்டியே விலை பேசுகிறவருக்கு இந்த அசையாத விலை வசதிதான், அதையும் சொல்லியாக வேண்டும். 2017இல் தினசரி விலை வந்த புதிதில், நேற்றுப் பேசிய வாடகை இன்று கட்டவில்லை என்று டிராவல்ஸ்காரர்கள் புலம்பியதை நான் கேட்டிருக்கிறேன்.

கடைசியாக, விடியற்காலைப் பெட்ரோல். பெட்ரோல் ஒரு டிகிரி வெப்பத்துக்குச் சுமார் 0.12 சதவீதம் விரியும் என்பது உண்மை. ஆனால் பங்க்கின் தொட்டி பூமிக்கடியில் இருக்கிறது. சேலத்தில் மதியம் 39 டிகிரி அடித்தாலும், விடியற்காலையில் 26 ஆக இருந்தாலும், கீழே இருக்கும் பெட்ரோலுக்கு அது பெரிதாகத் தெரியாது. நீங்கள் தூக்கம் கெட்டு எழுந்து போய் மிச்சப்படுத்துவது பைசாக் கணக்கு.

இந்த விரிவு உண்மையில் வலிப்பது மலைமேல் இருக்கும் டீலருக்கு. சங்ககிரியில் வெயிலில் ஏற்றிய 12,000 லிட்டர், இரவு அடிவாரத்தில் நின்றுவிட்டு விடியற்காலையில் ஏற்காடு ஏறுகிறது என்று வையுங்கள். ஐந்து டிகிரி குளிர்ந்திருந்தால் எழுபது லிட்டர் சுருங்கிவிடும். லாரியின்மேல் ஏறி அளவுகோலை இறக்கினால் ஈரக்கோடு குறிக்குக் கீழே நிற்கும். டீலர் டிரைவரைப் பார்ப்பார். டிரைவர் சீல் உடையவில்லை என்று காட்டுவார். பிறகு கண்ணாடிக் குடுவையில் பெட்ரோலை எடுத்து, ஹைட்ரோமீட்டரும் வெப்பமானியும் போட்டு, அட்டவணையைப் பார்த்து 15 டிகிரிக்கு அடர்த்தியைத் திருத்தி, பில்லில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுவார்கள். வித்தியாசம் மூன்று புள்ளிக்குள் இருந்தால் பெட்ரோலில் கலப்படம் இல்லை என்று கொள்வார்கள். சரக்கு சரி, அளவு குறைவு, ஏழாயிரம் ரூபாயைத் தின்றது குளிர். அந்த அடர்த்தி எண் தினமும் பதிவேட்டில் ஏறுகிறது; சந்தேகம் வந்தால் வாடிக்கையாளரும் கேட்டுப் பார்க்கலாம். வடிதாளில் ஒரு சொட்டு விட்டு, கறை நிற்கிறதா என்று பார்க்கும் சோதனையையும் கேட்டால் செய்து காட்ட வேண்டும்.

உங்கள் வண்டி பெட்ரோல் கார் என்பதால் பெங்களூரு சவாரிக்குச் சேலத்திலேயே நிரப்பிக்கொண்டு போங்கள். கர்நாடக அரசு வரியை மாற்றாதவரை அதுதான் லாபம். தினசரி ஓட்டத்துக்கு, சவாரியை இறக்கிவிட்டு டவுனிலிருந்து திரும்பும்போது போடலாம். அதற்கென்றே காலி வண்டியை மலையிலிருந்து இறக்காதீர்கள். முப்பது லிட்டரில் மிஞ்சும் சில ரூபாயை அடிவாரம் வருவதற்குள் வண்டியே குடித்துவிடும்.